மகளிர் ரக்பி: காயங்களும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளும்

அறிமுகம்

ரக்பி என்பது உடலோடு உடல் மோதி ஆடப்படும் விளையாட்டு. பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவரை எதிரணியினர் பிடித்து நிலத்தில் வீழ்த்துவது இதன் விதிகளுக்கு உட்பட்ட செயலாகும். ஆகவே மோதல் இல்லாத விளையாட்டுகளைவிட இதில் காயம் ஏற்படும் வாய்ப்பு மிகுதி.

மகளிர் ரக்பி உலகெங்கும் வேகமாக வளர்ந்து வருகிறது. முதலாவது மகளிர் உலகக் கோப்பைப் போட்டி 1991ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் நடைபெற்றது. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் வகை, 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. 2025 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை இலண்டனில் 81,885 பேர் நேரில் கண்டனர். இந்திய மகளிர் அணி, 15 பேர் ஆடும் வகையில் தனது முதல் சர்வதேச ஆட்டத்தை 2018இல் ஆடியது. 2019இல் சிங்கப்பூர் அணியை வென்று முதல் வெற்றியைப் பெற்றது.

இந்தப் பக்கம், ரக்பி விளையாடும் பெண்கள், விளையாடத் தொடங்க விரும்புவோர், அவர்களின் பெற்றோர், பயிற்றுநர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் ஆகியோருக்கானது. விளையாட்டிலிருந்து உங்களை விலக்குவது இதன் நோக்கமன்று. எந்தக் காயம் எவ்வாறு நேர்கிறது, எதனைத் தடுக்க இயலும், எப்போது ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பவற்றை விளக்குவதே இதன் நோக்கம்.

முக்கியக் குறிப்புகள்

• ஆட்டத்தில் நேரும் காயங்களில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ, டாக்கிள் எனப்படும் தடுத்து வீழ்த்தும் செயலின்போது ஏற்படுகின்றன.
• தலையில் அடிபட்டு, மூளை அதிர்வு இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே வீராங்கனை உடனடியாகக் களத்தை விட்டு வெளியேற வேண்டும். அன்றைய நாளில் மீண்டும் விளையாடக் கூடாது.
• பெண்களுக்கு முழங்கால் தசைநார் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். முறையான தயார்ப் பயிற்சியால் இதனைப் பெருமளவு குறைக்கலாம்.
• பற்காப்பு பற்களைக் காக்கும். தலைக்கவசம் தோலையும் காதையும் காக்கும். இரண்டுமே மூளை அதிர்வைத் தடுப்பவை என்று கருதக் கூடாது.
• மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதங்கள் வராவிட்டால் மருத்துவரை அணுக வேண்டும்.

காயங்கள் எப்போது நேர்கின்றன?

பயிற்சியின்போது ஏற்படும் காயங்களைவிட, ஆட்டத்தின்போது ஏற்படும் காயங்களே மிகுதி. அவற்றுள் டாக்கிள் முதலிடம் வகிக்கிறது. இதில் பந்துடன் ஓடுபவர், தடுப்பவர் ஆகிய இருவருமே காயமடையலாம். தடுப்பவர் நிமிர்ந்த நிலையில் மோதினாலோ, தலையை ஓடுபவரின் முன்புறம் வைத்தாலோ, எதிராளியின் முழங்கால், இடுப்பு அல்லது தலை அவரது தலையில் மோதக்கூடும். ஓடுபவர் பின்புறமாக விழுந்தால் அவரது பின்தலை தரையில் மோதக்கூடும்.

வீழ்த்தப்பட்டவரைச் சுற்றி இரு அணியினரும் பந்துக்காக முட்டி நிற்கும் ரக், முன்வரிசையினர் தோளோடு தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம் ஆகியவை அடுத்த நிலையில் உள்ளன. ஸ்க்ரம் சரிந்து விழுவது அரிதாயினும், அது கழுத்துக்குப் பேரிடர் விளைவிக்கக்கூடியது. இதனால்தான் 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரத்தை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்று விதி உள்ளது.

மோதலின்றியும் காயங்கள் நேரும். ஓட்டத்தின் நடுவே திடீரென நிற்பது, திசை மாறுவது, குதித்துத் தவறாகக் கால் ஊன்றுவது ஆகியவற்றால் முழங்காலும் கணுக்காலும் பாதிக்கப்படுகின்றன.

பெண்களுக்கு இடர் ஏன் வேறுபடுகிறது?

இதற்குக் காரணம் பெண்ணுடலின் பலவீனம் என்று கூறுவது தவறான புரிதல். உடலமைப்பு சார்ந்த காரணங்கள் உண்டு. ஆனால் வாய்ப்பும் பயிற்சியும் சார்ந்த காரணங்களும் அவற்றுக்கு இணையான முக்கியத்துவம் உடையவை.

உடலமைப்பு சார்ந்தவை: பெண்களின் கழுத்துச் சுற்றளவும் கழுத்துத் தசை வலிமையும் பொதுவாக ஆண்களைவிடக் குறைவு. எனவே மோதலின்போது தலை கூடுதலாக உலுக்கப்படுகிறது. வேல்ஸில் உள்ள ஸ்வான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண், பெண் அணிகளின் ஆட்டங்களை ஒப்பிட்டபோது, பெண்கள் ஆட்டத்தில் விழும்போது தலை கட்டுப்பாடின்றிப் பின்னோக்கிச் சென்று தரையில் மோதுவது அதிகமாக இருந்ததைக் கண்டனர். இடுப்பு, தொடை, முழங்கால் ஆகியவை அமைந்துள்ள விதமும், குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் மடங்கும் போக்கும் தசைநார்க் காயத்துக்கு வழிவகுக்கின்றன.

வாய்ப்பு சார்ந்தவை: ரக்பி வேரூன்றிய நாடுகளில் சிறுவர்கள் ஆறு, ஏழு வயதிலேயே பந்தைத் தொடுகின்றனர், விழவும் வீழ்த்தவும் சிறுகச் சிறுகக் கற்கின்றனர். பெண்களில் பலரோ கல்லூரிப் பருவத்திலோ, வேறு விளையாட்டிலிருந்து மாறி வந்தோ தொடங்குகின்றனர். நம் நாட்டிலும் தடகளம், கபடி போன்றவற்றிலிருந்து ரக்பிக்கு வருவோர் உள்ளனர். உடல் வேகமும் வலிமையும் முழு வளர்ச்சி பெற்றபின், விழும் முறையைக் கற்காமலேயே முழு மோதலுக்குள் நுழைவது இடரைப் பெருக்குகிறது. உடல் வலிமைப் பயிற்சிக்கூடம், இயன்முறை மருத்துவர், தகுதி பெற்ற பயிற்றுநர், பெண்களின் பாதத்துக்கேற்ற காலணி ஆகியவை பல மகளிர் அணிகளுக்குக் கிடைப்பதில்லை.

உடலமைப்பை மாற்ற இயலாது. ஆனால் கழுத்தை வலுப்படுத்தலாம், விழக் கற்கலாம், குதித்து இறங்கும் முறையைத் திருத்தலாம். எனவே மகளிர் ரக்பியில் காயங்களின் ஒரு பெரும்பகுதி தடுக்கக்கூடியதே.

மூளை அதிர்வு

கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வு, தலையிலோ உடலின் வேறு பகுதியிலோ விழும் அடியால் மூளை உலுக்கப்படுவதால் ஏற்படுகிறது. இதற்கு நினைவிழப்பது கட்டாயமன்று. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் மயங்கி விழுவதில்லை. சி.டி. ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் மூளை அதிர்வு இருக்கலாம். மூளையில் குருதிக்கசிவு, மண்டையோட்டு முறிவு போன்றவை இல்லை என உறுதி செய்வதற்கே ஸ்கேன் பயன்படுகிறது.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் மூளை அதிர்வு எனக் கருதுங்கள்:

• தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல்
• பார்வை மங்குதல், ஒளியும் ஒலியும் தாங்க முடியாமை
• தடுமாற்றமான நடை, மெதுவாக எழுதல், வெறித்த பார்வை
• எந்த மைதானம், எதிரணி எது, யார் கடைசியாகப் புள்ளி எடுத்தார் என்பவற்றுக்கு விடை கூற இயலாமை
• காரணமின்றி அழுதல், எரிச்சல், இயல்பு மாறிய நடத்தை
• "ஏதோ சரியில்லை", "தலை கனமாக இருக்கிறது" என்ற உணர்வு

அறிகுறிகள் உடனே தோன்றாமல் சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோ தோன்றலாம்.

மறைத்தல் ஏன் ஆபத்தானது?

கனடா நாட்டின் ஒட்டாவா நகரைச் சேர்ந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் 17 வயது மாணவி. தம் பள்ளி ரக்பி அணியின் தலைவி. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு வாரத்துக்குள் நடந்த ஆட்டங்களில் அவருக்கு அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டது. தமக்கு மூளை அதிர்வு ஏற்பட்டிருக்கலாம் என்ற ஐயம் அவருக்கே இருந்தது. அதனைத் தோழியருடன் கைப்பேசிச் செய்தியில் பகிர்ந்துகொண்டார்; பெற்றோருக்கோ பயிற்றுநருக்கோ தெரிவிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் டாக்கிள் செய்யப்பட்டு விழுந்தவர் மீண்டும் நினைவு பெறாமல் சில நாள்களில் உயிரிழந்தார்.

முதல் அதிர்விலிருந்து மூளை மீளும் முன்பே மீண்டும் அடிபட்டால், மூளை மிக விரைவாக வீங்கி உயிருக்கே ஆபத்து ஏற்படக்கூடும். இதனை 'இரண்டாம் தாக்க நோய்த்தொகுதி' என்பர். இது அரிதானது, ஆனால் இளம் வயதினரிடையே நேர்கிறது. இரண்டாவது அடி வலுவானதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

அவரது மரணம் குறித்த விசாரணையில் 49 பரிந்துரைகள் அளிக்கப்பட்டன. அவற்றின் தொடர்ச்சியாக ஒன்டாரியோ மாகாண அரசு 2018இல் 'ரோவன் சட்டம்' என்ற பெயரில் மூளை அதிர்வுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இளம் விளையாட்டினர், பெற்றோர், பயிற்றுநர் ஆகியோர் ஆண்டுதோறும் மூளை அதிர்வு பற்றிய தகவல்களைப் படித்தறிவதையும், ஐயம் எழுந்தவுடன் களத்திலிருந்து வெளியேற்றுவதையும் அச்சட்டம் கட்டாயமாக்கியது.

இந்நிகழ்வு நமக்கு உணர்த்துவது ஒன்று உண்டு. தலையில் அடிபட்ட செய்தி பெரும்பாலும் தோழியருக்கே முதலில் தெரியவருகிறது. உங்கள் அணித்தோழி அவ்வாறு கூறினால், அதனை இரகசியமாகக் காப்பது நட்பாகாது. உடனே பயிற்றுநரிடமோ அவரது பெற்றோரிடமோ தெரிவியுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

• வீராங்கனையைக் களத்திலிருந்து வெளியேற்றுங்கள். "நான் நன்றாக இருக்கிறேன்" என்று அவரே கூறினாலும் மீண்டும் அனுப்ப வேண்டாம்.
• முதல் 24 மணி நேரம் அவரைத் தனியாக விடாதீர்கள். வாகனம் ஓட்ட அனுமதிக்காதீர்கள்.
• அதே நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவர் கூறாமல் ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.
• முதல் 24 முதல் 48 மணி நேரம் உடலுக்கும் மனத்துக்கும் ஓய்வு தேவை. கைப்பேசி, தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கவும். இருட்டறையில் முடங்கிக் கிடக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் மெல்ல நடமாடலாம்.

சர்வதேச ஆட்டங்களில், பயிற்சி பெற்ற மருத்துவர் 12 நிமிடங்கள் களத்துக்கு வெளியே வீராங்கனையைச் சோதித்து முடிவெடுப்பதை நீங்கள் தொலைக்காட்சியில் கண்டிருக்கலாம். 2025 உலகக் கோப்பையில், பலத்த தாக்கம் பதிவானால் சிவப்பு விளக்கு ஒளிரும் பற்காப்புகளும் பயன்பட்டன. இவை மருத்துவக் குழு உடனிருக்கும் ஆட்டங்களுக்கு உரியவை. பள்ளி, கல்லூரி, மன்ற ஆட்டங்களில் விதி ஒன்றே: ஐயம் எழுந்தால் வெளியேற்றுக, அன்று திரும்ப வேண்டாம்.

மீண்டும் விளையாடத் தொடங்குதல்

முதலில் படிப்புக்கும் பணிக்கும் திரும்ப வேண்டும். அதன் பின்னரே விளையாட்டு. நடைப்பயிற்சி, மெல்லோட்டம், பந்துடன் தனிப்பயிற்சி, மோதலற்ற குழுப் பயிற்சி, மருத்துவர் ஒப்புதலுக்குப் பின் மோதலுடன் கூடிய பயிற்சி, இறுதியாக ஆட்டம் எனப் படிப்படியாகச் செல்ல வேண்டும். ஒரு படியில் அறிகுறிகள் கூடினால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

பிரிட்டன் அரசு 2023இலும் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2024இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பொது நிலை விளையாட்டினர் அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள்கள் போட்டிக்குத் திரும்பக் கூடாது. மோதல் பயிற்சிக்கு முன் 14 நாள்கள் அறிகுறியின்றி இருக்க வேண்டும். இறுதி ஆட்டம் அடுத்த வாரம் என்பதற்காக இந்தக் கால அளவைச் சுருக்க இயலாது.

முழங்கால் தசைநார்க் காயம்

முழங்காலின் நடுவே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைத்து, மூட்டு நழுவாமல் காக்கும் தசைநார்களுள் ஒன்று ஏ.சி.எல். எனப்படுகிறது. ஒரே வகை விளையாட்டை ஆடும் ஆண்களோடு ஒப்பிட, பெண்களுக்கு இது கிழியும் வாய்ப்பு இரு மடங்கும் அதற்கு மேலும் இருப்பதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன. உடலமைப்பு, தொடையின் முன், பின் தசைகளுக்கிடையே வலிமைச் சமன்பாடின்மை, குதித்து இறங்கும் முறை, பயிற்சிக் குறைவு ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. மாதவிடாய்ச் சுழற்சியின் பங்கு குறித்த ஆய்வுகள் ஒருமித்த முடிவை எட்டவில்லை. எனவே அதன் பொருட்டு விளையாட்டைத் தவிர்க்க வேண்டியதில்லை.

கிழியும் நேரத்தில் 'டப்' என்ற ஒலி கேட்கலாம். சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கும். நடக்கும்போது கால் மடங்கி விழுவது போன்ற உணர்வு ஏற்படும். இவ்வாறு நேர்ந்தால் எலும்பு மூட்டு மருத்துவரை அணுகுங்கள். எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. உடற்பரிசோதனையும் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் காயத்தை உறுதி செய்யும்.

சிலருக்கு அறுவை சிகிச்சையும் சிலருக்கு இயன்முறைப் பயிற்சி மட்டுமேயும் பரிந்துரைக்கப்படும். அறுவைக்குப் பின் மோதல் விளையாட்டுக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதங்கள் தேவை. வலி நின்றுவிட்டது என்பதற்காக முன்னதாகத் திரும்பியவர்களுக்கு மறுபடியும் கிழிவது அதிகம் எனக் கண்டறியப்பட்டுள்ளது.

பிற காயங்கள்

தோள்: தோள் மூட்டு விலகுதல், காறை எலும்பு முறிதல் ஆகியவை டாக்கிளின்போது நேர்கின்றன. விலகிய தோளைக் களத்தில் பயிற்சியற்றோர் இழுத்துப் பொருத்த முயலக் கூடாது. நரம்பும் குருதிக்குழாயும் பாதிக்கப்படலாம்.

கணுக்கால், விரல்கள்: சுளுக்கு என்று எண்ணப்படும் பல, எலும்பு முறிவாக இருக்கக்கூடும். காலை ஊன்றி நான்கு அடி நடக்க இயலாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்காமல் எண்ணெய் தடவி நீவுவதும், இறுக்கிக் கட்டுப் போடுவதும் காயத்தை மோசமாக்கலாம்.

மார்பகம்: முழங்கை, தோள், பந்து ஆகியவற்றாலும் தரையில் விழுவதாலும் மார்பகத்தில் கன்றலும் வீக்கமும் வலியும் ஏற்படலாம். இது பரவலாக நிகழ்ந்தும், கூச்சத்தால் பெரும்பாலோர் எவரிடமும் கூறுவதில்லை. இக்காயத்தால் புற்றுநோய் உண்டாவதில்லை. ஆயினும் காயத்துக்குப் பின் ஏற்படும் கட்டி சில வாரங்களில் மறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவு பொருந்திய, அசைவைத் தாங்கும் விளையாட்டு உள்ளாடை அணிவது உதவும்.

வெட்டுக் காயம்: குருதி வழியும் வீராங்கனை களத்தை விட்டு வெளியேறிக் கட்டுப்போட்ட பின்னரே திரும்பலாம். மண்ணில் ஏற்படும் காயத்தைத் தூய நீரில் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள்.

காயங்களைத் தடுக்கும் வழிகள்

1. விழவும் வீழ்த்தவும் கற்றல்

புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளே முழு மோதலில் ஈடுபடக் கூடாது. முதலில் தொட்டு ஆடும் ரக்பி, பின்னர் மண்டியிட்ட நிலையில் டாக்கிள், பின்னர் நடந்து, அதன் பின் ஓடி எனப் படிப்படியாகக் கற்க வேண்டும்.

• தடுக்கும்போது கண்கள் திறந்திருக்க வேண்டும். முகவாய் உயர்ந்து, முதுகு நேராக, இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்க வேண்டும்.
• தலை எப்போதும் ஓடுபவரின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ இருக்க வேண்டும். முன்புறம் குறுக்கே வரக் கூடாது.
• தோளால் தொடர்பு கொண்டு, இரு கைகளாலும் கட்டிப் பிடிக்க வேண்டும். தோள் மட்டத்துக்கு மேல் தடுப்பது விதிமீறல். இங்கிலாந்தில் பொது நிலை ஆட்டங்களில் 2023-24 பருவம் முதல் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்கு மேல் தடுக்கவே அனுமதியில்லை.
• விழும்போது முகவாயை நெஞ்சோடு ஒட்டி, உடலைச் சுருட்டி, பக்கவாட்டில் விழப் பழகுங்கள். கையை நீட்டி ஊன்றி விழாதீர்கள். பின்தலை தரையில் மோதாமல் காக்கும் இப்பழக்கம் பெண்களுக்கு மிக இன்றியமையாதது.

2. தயார்ப் பயிற்சி

ஆட்டத்துக்கு முன் இரண்டு சுற்று ஓடுவது மட்டும் தயார்ப் பயிற்சியாகாது. சமநிலை, குதித்து இறங்குதல், திசை மாறுதல், தொடைப் பின்தசை வலிமை, கழுத்து வலிமை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

சுவீடன் நாட்டில் கால்பந்து ஆடும் 4,500க்கும் மேற்பட்ட வளரிளம் பெண்களிடையே நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. வாரம் இருமுறை 15 நிமிடப் பயிற்சி செய்த அணிகளில் ஏ.சி.எல். காயம் 64 விழுக்காடு குறைந்திருந்தது. ரக்பிக்கென இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட 'ஆக்டிவேட்' பயிற்சித் திட்டம் பள்ளி மாணவர்களிடையே சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2017இல் வெளியாயின. வாரம் மூன்று முறையோ அதற்கு மேலோ செய்த அணிகளில் ஆட்டக் காயங்கள் 72 விழுக்காடும், மூளை அதிர்வு 59 விழுக்காடும் குறைந்தன. இரண்டாவது ஆய்வு சிறுவர்களிடையே நடந்தது என்பதால் அதே அளவு பயன் பெண்களுக்கும் கிடைக்கும் எனக் கொள்ள இயலாது. ஆனால் இவற்றின் பயிற்சிகள் பெண்களுக்கும் ஏற்றவை. இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பயிற்சி நாளிலும் தவறாமல் செய்வதே பயன் தரும்.

குதித்து இறங்கும்போது உங்கள் முழங்கால் கால்விரல்களின் நேர்கோட்டில் இருக்கிறதா, உட்புறம் சாய்கிறதா எனத் தோழி ஒருவரைக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லிப் பாருங்கள். சாய்ந்தால், திருத்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடமோ பயிற்றுநரிடமோ கேட்டறியுங்கள்.

3. கழுத்து வலிமை

நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாதவாறு ஐந்து முதல் பத்து வினாடிகள் மெல்ல அழுத்துங்கள். பின்தலை, வலப்புறம், இடப்புறம் என நான்கு திசைகளிலும் செய்யுங்கள். வலி தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே கழுத்துக் காயம் உள்ளோர் மருத்துவ ஆலோசனைக்குப் பின்னரே செய்ய வேண்டும்.

4. உணவும் ஓய்வும்

கடும் பயிற்சிக்கேற்ற உணவு கிடைக்காவிட்டால் உடல் தன் அடிப்படைப் பணிகளைக் குறைத்துக்கொள்கிறது. மாதவிடாய் தவறுகிறது, எலும்பு வலுவிழக்கிறது, களைப்பும் எலும்பில் மயிரிழை விரிசலும் ஏற்படுகின்றன. "நன்றாகப் பயிற்சி செய்வதால் மாதவிடாய் நின்றுவிட்டது, அது இயல்புதான்" என்ற கருத்து தவறு.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), 15 முதல் 49 வயதுடைய இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும் குருதிச்சோகை உள்ளது. குருதிச்சோகை உள்ளவர் விரைவில் களைப்படைவார். களைத்தவரின் டாக்கிள் முறை குலையும். எனவே பருவம் தொடங்கும் முன் ஹீமோகுளோபின் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். கீரை, பயறு வகைகள், முட்டை, மீன், இறைச்சி, கேழ்வரகு, எள், வேர்க்கடலை ஆகியவற்றை நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை போன்றவற்றுடன் சேர்த்து உண்ணுங்கள். உணவோடு தேநீர், காபி அருந்துவதைத் தவிருங்கள். பள்ளியில் வழங்கப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ளுங்கள்.

நம் பகுதியின் வெப்பத்தில் பயிற்சியைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வது நல்லது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே நீரும் உப்பிட்ட மோரும் அருந்துங்கள்.

5. கருவிகளும் மைதானமும்

• பல் மருத்துவரிடம் அளவெடுத்த பற்காப்பு சிறந்தது. வெந்நீரில் மென்மையாக்கிப் பல்லில் பொருத்தும் வகையும் பயன்படும்.
• காலணி உங்கள் பாதத்துக்குப் பொருந்த வேண்டும். அண்ணன் தம்பியின் பழைய காலணி பெரும்பாலும் பொருந்தாது.
• தோடு, மூக்குத்தி, வளையல், கொலுசு, சங்கிலி, உலோகக் கொண்டை ஊசி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள்.
• கல், கண்ணாடித் துண்டு, பள்ளம் உள்ளனவா என மைதானத்தை ஆட்டத்துக்கு முன் சுற்றிப் பாருங்கள். கட்டாந்தரையில் முழு மோதல் ஆட்டம் கூடாது.

களத்தில் முதலுதவி

சுளுக்கு, தசைப்பிடிப்பு ஆகியவற்றுக்கு ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடங்கள் வையுங்கள். அடிபட்ட பகுதியை மிதமாகக் கட்டி, உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு நாள்கள் சூடு வைத்தல், நீவுதல் ஆகியவற்றைத் தவிருங்கள்.

கழுத்து வலி, கைகால் மரத்துப்போதல், அசைக்க இயலாமை ஆகியவை இருந்தால் வீராங்கனையை எழுப்பவோ உட்கார வைக்கவோ கூடாது. தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்தபடி அவசர ஊர்தி வரும்வரை காத்திருங்கள். மூச்சு நின்றிருந்தால் உயிர்காப்பு முதலுதவியே முதன்மையானது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• நினைவிழத்தல் அல்லது எழுப்ப இயலாத உறக்கம்
• மீண்டும் மீண்டும் வாந்தி
• கூடிக்கொண்டே செல்லும் தலைவலி
• வலிப்பு
• பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம்
• காது, மூக்கிலிருந்து தெளிந்த நீரோ குருதியோ வடிதல்
• கடுமையான கழுத்து வலி
• மூச்சுத்திணறல், கடும் வயிற்று வலி

தமிழ்நாட்டில் அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும், மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும் அழைக்கலாம். ஆட்டம் தொடங்கும் முன்பே அருகிலுள்ள மருத்துவமனை எது, ஊர்தி எந்த வாயில் வழியாக வரும் என்பவற்றை அமைப்பாளர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் பயிற்றுநருக்கும்

மாணவி காயத்தை மறைப்பதற்குப் பெரும்பாலும் அச்சமே காரணம். அணியில் இடம் போய்விடும் என்ற அச்சம் ஒன்று. "இனி விளையாடவே வேண்டாம்" என்று வீட்டில் தடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் மற்றொன்று. பல தடைகளைத் தாண்டி மைதானத்துக்கு வந்த பெண்ணுக்கு இரண்டாவது அச்சம் பெரிது.

எனவே பெற்றோர், காயத்தைச் சொன்னதற்காக மகளைக் கண்டிக்காதீர்கள். குணமடைந்தபின் மருத்துவர் ஒப்புதலுடன் மீண்டும் விளையாடலாம் என்று முன்கூட்டியே உறுதியளியுங்கள். பயிற்றுநர்கள், காயத்தால் விலகியவரின் இடம் பறிபோகாது என்பதை அணியின் முன் கூறுங்கள். வலியைப் பொறுத்து ஆடியவரைப் பாராட்டுவதை விடுத்து, தலையில் அடிபட்டதைத் தாமே தெரிவித்தவரைப் பாராட்டுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவிடாய்க் காலத்தில் ரக்பி விளையாடலாமா?
விளையாடலாம். கடும் வலியோ மிகுந்த உதிரப்போக்கோ இருந்தால் ஓய்வெடுத்து, மருத்துவரை அணுகுங்கள்.

கருவுற்றிருக்கும்போது விளையாடலாமா?
மோதல் உள்ள ஆட்டமும் பயிற்சியும் கூடாது. பிற உடற்பயிற்சிகள் குறித்து மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

ரக்பி விளையாடினால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கப்படுமா?
விளையாடுவதாலேயே பாதிப்பு ஏற்படுவதில்லை. போதிய உணவின்றி நெடுங்காலம் மாதவிடாய் நின்றுபோவதுதான் கவனிக்க வேண்டியது.

செவன்ஸ் வகை பாதுகாப்பானதா?
அதன் ஆட்டம் 14 நிமிடங்களே ஆயினும் வேகம் மிகுதி. ஒரே நாளில் பல ஆட்டங்கள் நடைபெறும். ஆகவே தயார்ப் பயிற்சியும் மூளை அதிர்வு விதிகளும் அதற்கும் அவ்வாறே பொருந்தும்.

நினைவில் கொள்க

கிழிந்த தசைநாரை மருத்துவர் சீரமைக்கலாம். முறிந்த எலும்பு கூடும். மூளைக்கு இரண்டாம் முறை விழும் அடிக்கு அத்தகைய உறுதி இல்லை. தலையில் அடிபட்டால் உடனே கூறுங்கள், உடனே வெளியேறுங்கள். தவறவிட்ட ஆட்டத்தை அடுத்த பருவத்தில் ஆடிக்கொள்ளலாம்.

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மாற்றாகா.